கொசு காவல் காத்த காடு: சித்வானின் கதை

(இது பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கி, பேச்சில் விட்டுப்போன ஆண்டுகளைச் சேர்த்திருக்கிறேன்.)

இன்னைக்கு நாம போகப்போற இடம் நேபாளம். நேபாளம்னு சொன்னதும் எவரெஸ்ட், பனி, டிரெக்கிங் ஷூன்னு மனசு மேல மேல ஏறும். இந்த எபிசோட்ல நாம கீழ இறங்கப்போறோம். நேபாளத்தோட தெற்கு எல்லை முழுக்க ஒரு நீளமான சமவெளிப் பட்டை இருக்கு. பேரு தராய். மே மாசம் அங்க வெயில் 40 டிகிரியைத் தாண்டும். இமயமலை இருக்கிற அதே நாட்டுலதான் காண்டாமிருகம், வங்கப்புலி, முதலை, யானை எல்லாம் இந்தத் தாழ்வான மித வெப்பமண்டலக் காட்டுல வாழுது.

அந்தத் தராயோட நடுப்பகுதியில, ரெண்டு மலைத்தொடருக்கு இடையில ஒரு பள்ளத்தாக்கு. அதுதான் சித்வான். வடக்கே மகாபாரத மலைகள், தெற்கே சுரியா மலைகள், நடுவுல ராப்தி, நாராயணி, ரேவு ஆறுகள். இதுல 952 சதுர கிலோமீட்டர் இன்னைக்கு தேசியப் பூங்கா. சென்னை மாநகராட்சியோட பரப்பளவுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல.

போன குளிர்காலத்துல ஒரு வாரம் லீவு போட்டுட்டு அங்க போயிருந்தேன். காட்மாண்டுல இருந்து பஸ்ல கிளம்பினா திரிசூலி ஆற்றோட கூடவே மலைப்பாதையில வளைஞ்சு வளைஞ்சு இறங்கி, நாராயண்காட் வந்ததும் சட்டுனு நிலம் தட்டையாகுது. காத்து கனமாகுது. சௌராஹாங்கிற ஊர்ல தங்கி, விடியற்காலைப் பனிமூட்டத்துல, இலவ மரத்தைக் குடைஞ்சு செஞ்ச படகுல ராப்தி ஆற்றுல போனேன். படகோட விளிம்பு தண்ணிக்கு மேல ஒரு சாண்தான் இருந்துச்சு. கரையில முதலை படுத்திருக்கு. கொஞ்ச தூரத்துல ஆளை மறைக்கிற உயரத்துக்கு யானைப்புல். புல்லு அசையுது, ஆனா எது அசைக்குதுன்னு தெரியல. கொஞ்ச நேரம் கழிச்சு அதுக்குள்ள இருந்து ஒரு காண்டாமிருகம் நிதானமா வெளிய வந்து தண்ணி குடிச்சுட்டுப் போச்சு.

அதுக்கப்புறம் காட்டுக்குள்ள நடை. அங்க வழிகாட்டி இல்லாம உள்ள விடமாட்டாங்க. ரெண்டு வழிகாட்டிகள், கையில வெறும் மூங்கில் கம்பு. கிளம்புறதுக்கு முன்னாடி பாடம் எடுத்தாங்க. காண்டாமிருகம் துரத்தினா வளைஞ்சு வளைஞ்சு ஓடு, இல்ல மரத்துல ஏறு. புலியைப் பார்த்தா கண்ணை எடுக்காம மெதுவா பின்னால போ. கரடின்னா எல்லாரும் ஒண்ணா நின்னு சத்தம் போடு. காட்டு யானைன்னா? ஓடிடு, வேற வழியில்ல.

எங்களைக் கூட்டிட்டுப் போன மூத்த வழிகாட்டி தாரு இனத்தைச் சேர்ந்தவர். தாருக்கள்தான் இந்தத் தராயோட பழைய குடிகள். ஒரு புல்வெளியோட நடுவுல நின்னு, "தம்பி, இங்க ஒரு ஊர் இருந்துச்சு" அப்படின்னார். சுத்திப் பார்த்தேன். புல்லு, நாலஞ்சு மாமரம், தூரத்துல மான் கூட்டம். காட்டு நடுவுல மாமரம் எப்படி வரிசையா நிக்கும்? யாரோ நட்டிருந்தாத்தான் நிக்கும்.

டூரிஸ்ட் பிரசுரத்துல "மனிதக் கை படாத காடு"ன்னு போட்டிருந்துச்சு. அந்த மாமரங்களைப் பார்த்த பிறகு ஊருக்கு வந்து இந்த இடத்தோட வரலாற்றைத் தேடிப் படிச்சேன். அந்தக் கதையைத்தான் இன்னைக்கு சொல்லப்போறேன். இதுல ராஜாக்கள் வர்றாங்க, இங்கிலாந்து ராணி வர்றாங்க, அமெரிக்கப் பணம் வருது. ஆனா முக்கியமான கேரக்டர் ஒரு கொசு.

காய்ச்சல்ங்கிற கோட்டைச்சுவர்

1814ல இருந்து 1816 வரைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நேபாளத்துக்கும் போர் நடந்துச்சு. சுகௌலி ஒப்பந்தத்தோட முடிஞ்சது. நேபாளம் நிறைய நிலத்தை இழந்துச்சு. அதுக்குப் பிறகு காட்மாண்டுல இருந்தவங்களுக்கு ஒரு விஷயம் நல்லா புரிஞ்சது. தெற்குல இருந்து படை வந்தா, மலைக்கு முன்னாடி அது தராய்க் காட்டைத் தாண்டணும். அந்தக் காட்டுல மலேரியா இருக்கு.

நேபாளியில இந்தக் காய்ச்சலுக்கு ஔல்னு பேரு. மலையில இருந்து கீழ வர்றவங்க குளிர்காலத்துல மட்டும்தான் வருவாங்க. கோடையும் மழையும் ஆரம்பிச்சுட்டா ஒரு ராத்திரி தங்கினாலே உயிர் போயிடும்னு பயந்தாங்க. பிரிட்டிஷ்காரங்களுக்கும் இதே பயம்தான். அதனால காட்டை வெட்டாம, ரோடு போடாம விட்டாங்க ஆட்சியாளர்கள். நெட்வொர்க் பாஷையில சொன்னா இது ஒரு ஃபயர்வால். பராமரிப்புச் செலவு கிடையாது, கொசுவே பார்த்துக்கும்.

ஆனா இந்த ஃபயர்வாலுக்கு உள்ளேயே தாருக்கள் வாழ்ந்துட்டு இருந்தாங்க. நெல்லு விதைச்சாங்க, ஆத்துல மீன் பிடிச்சாங்க, நாணலும் மண்ணும் புல்லும் வெச்சு வீடு கட்டினாங்க. மத்தவங்களைக் கொல்ற காய்ச்சல் இவங்களை ஏன் விட்டுச்சு? மலைக்காரங்க இதுக்கு மந்திரம், மாயம்னு எல்லாம் காரணம் சொன்னாங்க.

விஞ்ஞானக் காரணம் 1991ல வெளியான ஒரு மரபணு ஆய்வுல கிடைச்சது. நம்ம ரத்தத்துல ஆக்ஸிஜனைத் தூக்கிட்டுப் போற ஹீமோகுளோபின் செய்யறதுக்கு ஆல்ஃபா, பீட்டான்னு ரெண்டு வகைச் சங்கிலிகள் வேணும். தாருக்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஆல்ஃபா சங்கிலிக்கான ஜீன்கள் வழக்கத்தைவிடக் குறைவா இருக்கு. இதுக்கு ஆல்ஃபா தலசீமியான்னு பேரு. இவங்ககிட்ட இருக்கிற லேசான வடிவத்தால பெரிய உடல் பாதிப்பு கிடையாது. ஆனா மலேரியா வர்ற வாய்ப்பைக் குறைச்சுடுது. அதே இடத்துல வாழ்ற மத்தவங்களோட ஒப்பிட்டா தாருக்கள்கிட்ட மலேரியா கிட்டத்தட்ட ஏழுல ஒரு பங்குதான்னு அந்த ஆய்வு சொல்லுது.

கேட்க சூப்பர் பவர் மாதிரி இருக்கு இல்ல? ஆனா ஒரு ஜீன் ஒரு சமூகம் முழுக்கப் பரவணும்னா, அது இல்லாத குழந்தைங்க தலைமுறை தலைமுறையா செத்திருக்கணும். அந்தப் பாதுகாப்புக்கு அவங்க முன்னோர்கள் கொடுத்த விலை அது. அவங்க அந்தக் காட்டுல "தங்கி" இருந்தவங்க இல்ல. உடம்போட ரத்தமே அந்த இடத்துக்கு ஏத்த மாதிரி மாறுற அளவுக்கு அங்க வாழ்ந்தவங்க. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

ராஜா வீட்டு வேட்டைக்காடு

1846ல ஜங் பகதூர் ராணா ஆட்சியைப் பிடிச்சார். அதுக்கப்புறம் 1951 வரைக்கும், நூறு வருஷத்துக்கும் மேல, நேபாளத்துல ராஜா பேருக்குத்தான். உண்மையான அதிகாரம் பரம்பரைப் பிரதமர்களா இருந்த ராணா குடும்பத்துக்கு. அவங்க சித்வானைத் தங்களோட குளிர்கால வேட்டைக்காடா வெச்சுக்கிட்டாங்க. காண்டாமிருகம் அரச மிருகம். வேற யாராவது கொன்னா கடும் தண்டனை.

வேட்டை எப்படி நடக்கும்னு கேளுங்க. சில நாட்களுக்கு முன்னாடியே காட்டுல அங்கங்க எருமைக் கன்னுகளைக் கட்டிப் போடுவாங்க. எங்க கன்னு செத்துக் கிடக்கோ அங்க புலி பக்கத்துல இருக்குன்னு அர்த்தம். உடனே நூத்துக்கணக்கான யானைகளை வெச்சு அந்த இடத்தைச் சுத்தி வளையம் போடுவாங்க. யானைக்கு யானை இடைவெளியில வெள்ளைத்துணியைக் கட்டுவாங்க. புலி துணியைத் தாண்ட பயப்படும். வளையம் சுருங்கச் சுருங்க, விருந்தாளி யானை மேல உட்கார்ந்து சுடுவார். தப்பிக்கிற வாய்ப்பு புலிக்கு ரொம்பக் குறைவு.

1911 டிசம்பர். டெல்லி தர்பார்ல முடிசூட்டு விழாவை முடிச்சுட்டு அஞ்சாம் ஜார்ஜ் மன்னர் தராய்க்கு வந்தார். அப்போ பிரதமர் சந்திர ஷம்ஷேர். 600க்கும் மேற்பட்ட யானைகளைத் திரட்டினாங்க. பத்து நாள் வேட்டையில 39 புலிகள், 18 காண்டாமிருகங்கள், 4 கரடிகள். அடுத்த கணக்கு இன்னும் பெருசு. 1938-39 குளிர்காலத்துல வைஸ்ராய் லின்லித்கோ வந்தப்போ நடந்த வேட்டையில 120 புலிகள், 38 காண்டாமிருகங்கள், 27 சிறுத்தைகள், 15 கரடிகள்.

இவ்வளவு சுட்டும் காடு காலியாகல. இதுதான் இங்க விநோதம். வேட்டை சில வருஷத்துக்கு ஒருமுறை நடந்துச்சு, ஆனா காடும் புல்வெளியும் அப்படியே இருந்துச்சு. இடம் இருந்தா மிருகம் திரும்பப் பெருகிடும். ராணாக்கள் காட்டைக் காப்பாத்தினது இயற்கை மேல இருந்த பாசத்தால இல்ல. தங்களுக்கு மட்டும்தான் வேணும்ங்கிற எண்ணத்தால.

இந்த வேட்டைகளுக்கு உழைச்சது யாரு? யானைக் கொட்டகைகள்ல வேலை பார்த்தவங்கள்ல நிறைய பேர் தாருக்கள். நேபாளத்துல ஒரு யானைக்கு மூணு ஆள். தலைமைப் பாகன் ஃபனித், அவருக்குக் கீழ பச்சுவா, அதுக்கும் கீழ மஹுத். புல்லு வெட்டுறது, குளிப்பாட்டுறது, சாணி அள்ளுறது, காட்டுல புலியோட தடம் பார்க்கிறது எல்லாம் இவங்க வேலை. இன்னைக்கும் பூங்காவோட ரோந்து யானைகளுக்கு இதே மூணு அடுக்கு முறைதான்.

டிடிடி வந்த பிறகு

1951ல ராணா ஆட்சி முடிஞ்சது. 1950கள்ல இந்தியாவோட உதவியில காட்மாண்டுல இருந்து தெற்கு எல்லைக்கு திரிபுவன் ராஜபாதை போட்டாங்க. நூறு வருஷமா வேணும்னே போடாம விட்ட ரோடு அது. கிட்டத்தட்ட அதே நேரத்துல அமெரிக்க உதவியோட மலேரியா ஒழிப்பு வேலை ஆரம்பிச்சது. வீடு வீடா சுவர்ல டிடிடி அடிச்சாங்க. 1958ல மலேரியா ஒழிப்புக்குன்னே தனி அமைப்பு வந்துச்சு. ராப்தி பள்ளத்தாக்குக்கு ஒரு பெரிய வளர்ச்சித் திட்டமும் வந்துச்சு. காட்டை வெட்டி நிலம் பிரிச்சு, மலைப்பகுதியில வெள்ளத்தாலயும் நிலச்சரிவாலயும் நிலம் இழந்தவங்களையும் நிலமே இல்லாதவங்களையும் குடியேத்துறது திட்டம்.

இதைக் கெட்ட திட்டம்னு சொல்லிட முடியாது. மலையில பஞ்சம் இருந்துச்சு. குழந்தைங்க காய்ச்சல்ல செத்துட்டு இருந்தாங்க. தராய்ல மலேரியாவைப் பரப்பினதுல முக்கியமான அனாஃபிலிஸ் மினிமஸ் வகைக் கொசு டிடிடியால காணாமலே போச்சு. எத்தனையோ உயிர் பிழைச்சது. தாருக் குழந்தைகளும்தான் பிழைச்சாங்க.

ஆனா கோட்டைச்சுவர் விழுந்துச்சு. 1950களோட பத்து வருஷத்துல சித்வான் பள்ளத்தாக்கோட மக்கள்தொகை கிட்டத்தட்ட மூணு மடங்காச்சு. 1960களோட முடிவுல காட்டுல 70 சதவீதம் போயிடுச்சு. 1950ல சுமார் 800 இருந்த காண்டாமிருகங்கள், 1960களோட முடிவுல நூறுக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு. ரெண்டு தலைமுறை ராஜாக்கள் துப்பாக்கியால செய்ய முடியாததை, ஒரு கலப்பையும் ஒரு நிலப்பட்டாவும் இருபது வருஷத்துல செஞ்சு முடிச்சது.

தாருக்களுக்கு என்னாச்சு? அவங்க பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவங்க. நிலம்ங்கிறது உழறவனோட பழக்கம், அதுக்கு ஒரு காகிதம் வேணும்னு நினைக்காதவங்க. மலையில இருந்து வந்தவங்களுக்கு அரசு அலுவலகமும் மொழியும் பழக்கம். பத்திரப் பதிவு, கடன், வட்டின்னு வந்ததும் நிறைய நிலம் கை மாறிச்சு. சொந்த நிலத்துலயே குத்தகைக்காரங்களா ஆனவங்க பலர். அர்ஜுன் குணரத்னங்கிற மானுடவியலாளர் சித்வான் தாருக்களோட இருந்து ஆராய்ச்சி பண்ணி 2002ல ஒரு புத்தகம் எழுதினார். தராய்ல பல இடத்துல, பல மொழி பேசுற தாருக் குழுக்கள், "நாம எல்லாரும் ஒரே இனம்"னு சேர்ந்து நிக்க ஆரம்பிச்சதே இந்தக் குடியேற்றத்துக்குப் பிறகான அழுத்தத்துலதான்னு அதுல காட்டுறார்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவுல ஒரு காட்சி. 1961 பிப்ரவரி. ரெண்டாம் எலிசபெத் ராணி நேபாளத்துக்கு வர்றாங்க. சித்வான் பக்கத்துல மேகௌலியில அரச வேட்டை. பழைய மாதிரியே யானை வளையம். ஃபிலிப் இளவரசர் விரல்ல கட்டுப் போட்டுட்டு, சுட முடியாதுன்னு சொல்லிட்டார். அதே வருஷம்தான் உலக வனவிலங்கு நிதியம் ஆரம்பிச்சது, அதோட பிரிட்டன் கிளைக்குத் தலைவரா அவர் வந்தார். வேட்டைக்கான மரியாதை முடிஞ்சு, பாதுகாப்புக்கான மரியாதை ஆரம்பிக்கிற இடம்னு இதைச் சொல்லலாம்.

பூங்கா பிறந்த கதை

அஸ்ஸாம்ல தேயிலைத் தோட்டம் நடத்தின இ.பி. கீ ஒரு இயற்கை ஆய்வாளர். 1959லயும் 1963லயும் சித்வானுக்கு வந்து காண்டாமிருகங்களைக் கணக்கெடுத்தார். காடு இப்படியே போனா மிருகம் மிஞ்சாதுன்னு எச்சரிச்சு, ஒரு தேசியப் பூங்கா வேணும்னு பரிந்துரைச்சார். 1961ல காண்டாமிருகக் காவலுக்குன்னே கைடா காஸ்திங்கிற ஆயுதம் தாங்கின ரோந்துப் படையை அரசு அமைச்சது.

1964ல ஒரு நில ஆணையம் வந்துச்சு. காட்டுக்குள்ள குடியிருந்த சுமார் 22,000 பேரை வெளியேத்தினாங்க. அதுல 4,000 பேர் காண்டாமிருகச் சரணாலயத்துக்குள்ள இருந்தவங்க. பத்து வருஷம் முன்னாடி "வாங்க, காட்டை வெட்டி விவசாயம் பண்ணுங்க"ன்னு கூப்பிட்ட அதே அரசு, இப்போ "வெளிய போங்க" அப்படின்னுச்சு.

1973ல சித்வான் நேபாளத்தோட முதல் தேசியப் பூங்கா ஆச்சு. 1975ல இருந்து காவலுக்கு ராணுவம். 1978ல கசரால காரியல் முதலைகளுக்கு இனப்பெருக்க மையம். காரியல்னா அந்த நீளமான ஊசி மூக்கு முதலை, மீன் மட்டும்தான் அதோட சாப்பாடு. ஆத்துல இருந்து முட்டைகளை எடுத்து வந்து பொரிக்க வெச்சு, குட்டிகள் வளர்ந்ததும் திரும்ப ஆத்துல விடுறாங்க. 1984ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். காண்டாமிருகம் பெருகினதும் வேற காடுகளுக்கும் கொடுத்தாங்க. 1985ல நாலு காண்டாமிருகங்களை இந்தியாவோட துத்வா பூங்காவுக்கு அனுப்பி, பதிலுக்கு 16 யானைகள் வாங்கினாங்க. 1986ல இருந்து நேபாளத்துக்குள்ளயே பர்தியாவுக்கும் அனுப்பினாங்க.

இது வெற்றிக் கதை. நான் ஆத்துல பார்த்த அந்தக் காண்டாமிருகம் இந்த முடிவுகள் இல்லாம அங்க நின்னிருக்காது. ஆனா ஆத்துக்கு இந்தக் கரையில வேற கணக்கு ஓடிச்சு.

புல் வெட்டுற நாட்கள்

தாரு வீட்டுக்கு வேண்டிய எல்லாமே காட்டுல இருந்துதான் வந்துச்சு. கூரைக்குப் புல், சுவருக்கு நாணல், அடுப்புக்கு விறகு, மாட்டுக்கு மேய்ச்சல், சோத்துக்கு மீனும் நத்தையும். பூங்கா வந்ததும் ஒரே நாள்ல இது எல்லாம் குற்றமாச்சு. ஆத்துல படகு ஓட்டி மீன் பிடிச்சே வாழ்ந்த போத்தே, மாஜி மக்களுக்கு நிலமும் கிடையாது. அவங்க நிலைமை இன்னும் மோசம்.

எதிர்ப்பு வந்ததும், 1976ல இருந்து வருஷத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்துல, சில நாட்கள் மட்டும் கிராமத்துக்காரங்க உள்ள வந்து புல் வெட்டலாம்னு அனுமதி கொடுத்தாங்க. விடியறதுக்கு முன்னாடியே ஆயிரக்கணக்கானவங்க ஆத்தைக் கடந்து, குடும்பம் குடும்பமா உள்ள போவாங்க. ஒரு வருஷக் கூரையை அந்தச் சில நாள்ல சேகரிச்சாகணும். காலம் போகப் போக அந்த நாட்களோட எண்ணிக்கை குறைஞ்சுகிட்டே வந்துச்சு.

இதுல ஒரு சூழலியல் விஷயமும் இருக்கு. காண்டாமிருகத்துக்கு வேணும்ங்கிறது அடர்ந்த காடு இல்ல, ஆத்தங்கரைப் புல்வெளி. புல்வெளியை வருஷா வருஷம் வெட்டி, தீ வெச்சு எரிச்சாத்தான் இளம்புல் வரும். விட்டுட்டா மெல்ல மெல்ல மரம் முளைச்சு காடாயிடும். அதாவது, புல் வெட்ட வந்த கிராமத்துக்காரங்க அந்த மிருகத்தோட சாப்பாட்டு மேசையையும் பராமரிச்சுட்டு இருந்தாங்க. "மனிதக் கை படாத காடு"ங்கிற பிரசுர வரி இங்க உடைஞ்சு போகுது. காண்டாமிருகம் மேய்ற புல்வெளியில மனிதக் கையோட பங்கு நிறையவே இருக்கு.

அந்த மாமரங்கள் நின்ன இடம் பதம்பூர். பூங்காவுக்குள்ள இருந்த ஊர். காண்டாமிருகம் வயலை மேயும், வெள்ளம் வந்தா நிலம் போகும், ரோடு கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது. 1990கள்ல ஆரம்பிச்சு 2000களோட தொடக்கம் வரைக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கட்டம் கட்டமா வெளிய ஒரு புது இடத்துக்கு மாத்தினாங்க. போகணும்னு கேட்டவங்களும் இருந்தாங்க, மனசே இல்லாம போனவங்களும் இருந்தாங்க. புது இடத்துல தண்ணிக்கே திண்டாட்டம்னு புலம்பினவங்களும் உண்டு. "அங்க வயித்துக்கு இருந்துச்சு, பயம் இருந்துச்சு. இங்க பயம் இல்ல" அப்படின்னார் எங்க வழிகாட்டி. அடுத்த பாதியை அவர் சொல்லல.

போரும் மீட்சியும்

1996ல நேபாளத்துல மாவோயிஸ்ட் போர் ஆரம்பிச்சது. அது தீவிரமானதும் பூங்காவுல சிதறிக் கிடந்த ராணுவச் சாவடிகளை மூடி, வீரர்களைச் சில பெரிய முகாம்கள்ல ஒண்ணு சேர்த்தாங்க. காவல் போனதும் வேட்டைக் கும்பல்கள் உள்ள வந்தாங்க. காண்டாமிருகக் கொம்பு வெறும் கெராட்டின், நம்ம நகம் எதனால ஆனதோ அதேதான். ஆனா கள்ளச்சந்தையில தங்கத்தோட விலை. 2000ல சித்வான்ல 544 காண்டாமிருகங்கள். 2005 கணக்கெடுப்புல 372. அஞ்சு வருஷத்துல மூணுல ஒரு பங்கு காலி.

வேட்டைக் கும்பலுக்கு வழி காட்டினவங்கள்ல உள்ளூர்க்காரங்களும் இருந்தாங்க. காட்டுல தடம் பார்க்கத் தெரிஞ்சவன், கையில காசு இல்லாதவன், பூங்காவால தனக்கு ஒண்ணும் கிடைக்கலன்னு நினைக்கிறவன். வெறும் துப்பாக்கிக் காவலால இந்த ஓட்டையை அடைக்க முடியாது.

2006ல சமாதானம் வந்துச்சு. ராணுவம் திரும்பி வந்துச்சு. அதைவிட முக்கியம், 1996லயே அறிவிச்ச இடைமண்டலத் திட்டம் வேகம் பிடிச்சது. பூங்கா வருமானத்துல 30ல இருந்து 50 சதவீதம் சுத்தி இருக்கிற கிராமங்களோட வளர்ச்சிக்குப் போகணும்ங்கிறது சட்டம். கிராமக் குழுக்கள் சமூகக் காடுகளை நடத்துறாங்க, இளைஞர்கள் வேட்டைத் தடுப்பு ரோந்து போறாங்க. 2011ல நேபாளம் முழுக்க ஒரு காண்டாமிருகம்கூட வேட்டையாடப்படல. 2021 கணக்குல நாட்டுல 752 காண்டாமிருகங்கள், அதுல 694 சித்வான்ல. புலிகள் 2009ல நாடு முழுக்க 121, 2022ல 355. சித்வான்ல மட்டும் 128.

இங்கேயே எபிசோடை முடிச்சா நல்லா இருக்கும். ஆனா 2020 ஜூலை இருக்கு. கொரோனா காலம். சித்வான் பூங்கா எல்லையில குசும் கோலாங்கிற இடத்துல பத்து செபாங் பழங்குடிக் குடும்பங்களோட வீடுகளை, ஆக்கிரமிப்புன்னு சொல்லி பூங்கா நிர்வாகம் அழிச்சது. ரெண்டு வீட்டுக்குத் தீ வெச்சாங்க. மீதியை யானைகளை விட்டு இடிச்சாங்க. மழைக்காலத்துல. ஒரு காலத்துல ராஜாவுக்காகப் புலியைச் சுத்தி வளைச்ச யானைகள், இப்போ குடிசையை இடிக்கப் போச்சு.

இது யாரோட காடு?

ஆபீஸ்ல ஒரு சிஸ்டம் நல்லா ஓடுதான்னு பார்க்க டாஷ்போர்டு வெச்சிருப்போம். சித்வானோட டாஷ்போர்டுல காண்டாமிருகம் பச்சை, புலி பச்சை, டூரிஸ்ட் வருகை பச்சை. அந்த நம்பர்கள் உண்மை, அதை யாரும் சின்னதாக்க வேண்டாம். உலகத்துல ஒரு பெரிய மிருகத்தை அழிவுல இருந்து திருப்பிக் கொண்டு வந்த நாடுகள் கொஞ்சம்தான். நேபாளம் மாதிரி ஏழை நாடு அதைச் செஞ்சது பெரிய விஷயம். ஆனா கூரைக்குப் புல் கிடைக்காதவனுக்கு, வயலைக் காண்டாமிருகம் மேய்ஞ்சவனுக்கு, புலியால குடும்பத்துல ஒருத்தரை இழந்தவனுக்கு அந்த டாஷ்போர்டுல கட்டமே கிடையாது. எதை அளக்கிறோமோ அதைத்தான் காப்பாத்துறோம்.

என்னோட கருத்தைக் கேட்டா, பூங்கா வேணும். காவலும் வேணும். 1960கள்ல காடு போன வேகத்தைப் பார்த்த யாரும் வேற மாதிரி சொல்ல முடியாது. ஆனா அந்தக் காட்டை அழிச்சது தாருக்களோ போத்தேக்களோ செபாங்குகளோ இல்ல. அவங்க இருந்த காலம் முழுக்க காடும் இருந்துச்சு. வேட்டையாடினது ராஜாக்கள், வெட்டச் சொன்னது அரசுத் திட்டம், கொம்பு வாங்கினது வெளிநாட்டுச் சந்தை. பில் மட்டும் ஆத்தங்கரை வீட்டுக்கு வந்துச்சு. 30 சதவீதமோ 50 சதவீதமோ வருமானத்துல பங்கு கொடுக்கிறது தானமில்ல, பழைய பாக்கி. அந்தப் பணம் ரோடும் பள்ளிக்கூடமுமா போனா மட்டும் போதாது. நிலமில்லாத மீனவக் குடும்பத்துக்கு அது எவ்வளவு போய்ச் சேருதுங்கிறதுதான் கேள்வி.

நீங்க போறதா இருந்தா சில விஷயம். அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் நல்ல நேரம். மிருகம் பார்க்கணும்னா பிப்ரவரி, மார்ச். அப்போ புல் வெட்டி எரிச்ச பிறகு தூரம் தெரியும். யானைச் சவாரியைத் தவிர்த்துட்டு நடை, படகு, ஜீப்னு போங்க. பெரிய ரிசார்ட்டுக்குப் பதிலா, மேற்குப் பக்கம் அமல்தாரி மாதிரி கிராமத்துக்காரங்களே நடத்துற ஹோம்ஸ்டேல ஒரு ராத்திரியாவது தங்குங்க. தாரு அக்காமார் சமைக்கிற கோங்கி, அதான் நத்தைக் குழம்பு, துணிஞ்சா சாப்பிட்டுப் பாருங்க. உறிஞ்சித்தான் சாப்பிடணும், எனக்கு வர கொஞ்ச நேரமாச்சு. ராத்திரி டூரிஸ்டுகளுக்காக நடக்கிற தாரு கம்பு நடனத்தைப் பார்க்கிறது தப்பில்ல. ஆனா மறுநாள் காலையில ஆடினவர்கிட்ட உட்கார்ந்து, உங்க அப்பாவோட ஊர் எங்க இருந்துச்சுன்னு கேளுங்க. கை நீட்டிக் காட்டுற திசையில பெரும்பாலும் ஆறும், அதுக்கு அந்தப் பக்கம் புல்வெளியும் இருக்கும்.

அடுத்த எபிசோட்ல திரிபுவன் ராஜபாதையைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். அந்த ரோட்டுக்கு முன்னாடி காட்மாண்டுக்குக் கார்களைக் கழட்டாம, ஆளுங்க தோள்ல முழுசா தூக்கிட்டுப் போன கதை ஒண்ணு இருக்கு. அதையும் சொல்றேன். உங்க ஊர்ப் பக்கத்துக் காட்டுக்குள்ளயும் இப்படி வரிசையா நிக்கிற மாமரமோ புளியமரமோ இருந்தா, அங்க யாரு இருந்தாங்கன்னு விசாரிச்சு எழுதி அனுப்புங்க.